மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த பெட்டி

ஒரு டிடிபி கடையில், மேஜைக்கு அடியில், ஒரு கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. அதற்குள் ரொம்ப காலமாக விண்டோஸ் குடியிருந்தது. விண்டோஸுக்கு இளகிய மனசு. யார் கதவைத் தட்டினாலும் உள்ளே விடும். காதுகுத்துப் பத்திரிகை அடிக்க வந்த பென்டிரைவையும் விடும், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வைரஸையும் விடும். அப்புறம் பாதி வேலையில் நீலத் திரையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடும். கடைக்காரி ஜெயகொடி பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டுவாள். எழுந்து உட்கார்ந்துகொள்ளும். குடித்தனம் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தார்.

மாப்பிள்ளை சிவநேசனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை. குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், சும்மா இருக்கவும் மாட்டார். மாமியாரின் கடையைப் பார்க்க வந்தவர் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார்.

"இன்னுமா அத்தை விண்டோஸ் வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

மண்ணெண்ணெய் அடுப்பிலா சமைக்கிறீர்கள் என்று கேட்கிற தொனி அது. ஜெயகொடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் அதிரசம் எடுத்துவரப் போன நேரத்தில் விண்டோஸைத் துடைத்தெறிந்துவிட்டு அந்த இடத்தில் லினக்ஸைக் குடிவைத்துவிட்டார் மாப்பிள்ளை. அதுவும் சாதாரண லினக்ஸ் இல்லை. மாறாத லினக்ஸ்.

"உள்ள யாரும் எதையும் மாத்த முடியாது அத்தை. நீங்களே நெனச்சாலும் கெடுக்க முடியாது. ஒவ்வொரு தடவை ஆன் பண்ணும்போதும் பொறந்த மேனிக்கு எந்திரிக்கும்" என்றார்.

"அப்படியா மாப்ள" என்றாள் ஜெயகொடி.

அவளுக்கு ஒரே ஒரு கேள்வி இருந்தது. தன்னுடைய பிழைப்பே 'முத்தச்சு' என்கிற பழைய விண்டோஸ் மென்பொருளில்தான் ஓடுகிறது, அது இதில் ஓடுமா என்பது. கேட்க வாயைத் திறந்தாள். ஆனால் மாப்பிள்ளை வரும்போது கூடவே மரியாதையும் வந்திருந்தது. அது அவள் வாயைப் பொத்தியது. "பெண்ணைக் கொடுத்த இடம். ஆசையாகப் போட்டுக் கொடுக்கிறார். நொட்டை சொல்வாயா?" என்றது.

ஜெயகொடி இன்னொரு அதிரசம் வைத்தாள்.

மாப்பிள்ளை திரும்பிப் போனார். மரியாதை போகவில்லை. கடை போனின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது.

பெட்டிக்குள் புதிதாக வந்தவரை எல்லோரும் 'மாறாதவர்' என்று அழைத்தார்கள். அவர் கடுமையான மடி ஆசாரக்காரர். அவரைப் பார்க்கலாம், தொடக் கூடாது. அவர் அறைகளைப் படிக்கலாம், எழுதக் கூடாது. ஒரு ஆணி அடிக்கக் கூடாது, ஒரு படம் மாட்டக் கூடாது. காலையில் எழுந்ததும் நேற்று எப்படி இருந்தோமோ அப்படியே இருக்கிறோமா என்று சரிபார்ப்பார். இருந்தால் அன்றைய வேலை முடிந்தது.

முத்தச்சு பென்டிரைவிலிருந்து இறங்கி வாசலில் வந்து நின்றது.

"நில். எந்த வீடு?" என்று கேட்டார் மாறாதவர்.

"விண்டோஸ் வீடு சாமி. ரொம்ப வருசமா இந்தக் கடையிலதான் வேலை."

"விண்டோஸ் வீடா? தள்ளி நில். உன் காற்று என் மேல் படுகிறது."

"எங்கன நிக்க?"

"உன்னைப் போன்றவர்களுக்காகக் கொல்லைப்புறத்தில் ஒரு கூண்டு இருக்கிறது. அங்கே தனித் தட்டு, தனி டம்ளர். நீ பேசுவது எனக்குப் புரியாது, புரியவும் கூடாது. இடையில் ஒரு துபாஷி இருப்பார்."

விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டிக் கொடுக்கிற அந்தத் துபாஷிக்கு ஊரில் ஒயின் என்று பெயர். இத்தனை மடி பார்க்கிறவர் வீட்டில் ஒயினுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. மடி பார்க்கிற வீடுகளில் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கமில்லை.

துபாஷி கெட்டிக்காரர். முத்தச்சுவைக் கூண்டுக்குள் கூட்டிப் போய் உட்கார வைத்தார்.

"என் சி டிரைவ் எங்க?" என்று கேட்டது முத்தச்சு.

"இதோ இருக்கிறதே" என்று ஒரு சாதாரண ஃபோல்டரைக் காட்டினார் துபாஷி. வாசலில் 'சி டிரைவ்' என்று போர்டு மாட்டியிருந்தது.

"ஜன்னல்?"

"அதோ." சுவரில் ஜன்னல் வரைந்திருந்தது.

"பழைய வீடு மாதிரியே இருக்கே."

"அதே வீடுதானப்பா" என்றார் துபாஷி, கண்ணை மூடித் திறப்பதற்குள்.

முத்தச்சு வெள்ளந்தி. நம்பிவிட்டது. வேலையைத் தொடங்கிவிட்டது. விசிட்டிங் கார்டு, கடைத் திறப்பு நோட்டீஸ், 'இங்கு வாகனங்களை நிறுத்தாதீர்' எல்லாம் கூண்டுக்குள்ளிருந்தே அடித்துத் தள்ளியது. பிரிண்டருக்குப் போக மட்டும் கூண்டிலிருந்து ஒரு குழாய் விட்டிருந்தார்கள். வேலை போகலாம், எதுவும் உள்ளே வரக் கூடாது. கடைக்கு வந்தவர்களில் ஒருவர்கூட மாறாதவரைப் பார்க்க வரவில்லை. எல்லோரும் முத்தச்சுவிடம்தான் வந்தார்கள். இருந்தாலும் வீட்டுக்காரர் அவர்தான். பெட்டியைத் திறந்ததும் அவர் முகம்தான் முதலில் தெரியும்.

நல்லவேளையாக அந்தச் சில வாரங்கள் ஊரில் யாரும் சாகவில்லை.

பிறகு ஒரு நாள் மினி பஸ் டிரைவர் வேலாயுதம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவருடைய மச்சினன் சுடலையாண்டி காலையில் கடை திறக்கும்போதே வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு போட்டோ வைத்திருந்தான்.

"எக்கா, நாலு மணிக்கு எடுக்காங்க. கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும்."

"ஐயோ, எப்படிடே? நேத்துகூட பஸ்ஸ ஓட்டிட்டுப் போனாரே."

"போயிட்டாரு. அத்தான் ஓட்டுன ரூட்டு வழியாத்தான் கொண்டு போறோம். எங்க அக்கா ஒண்ணே ஒண்ணுதான் கேக்கா. அவரு நின்ன ஒவ்வொரு ஸ்டாப்லயும் அவரு படம் இருக்கணுமாம். அத்தான் போம்போது பாத்துட்டே போவணுமாம்."

ஜெயகொடி போட்டோவை வாங்கிப் பார்த்தாள். வேலாயுதம் அவளுக்கும் எத்தனையோ முறை பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். ஸ்டாப் இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் அவர் பார்க்க மாட்டார். பேப்பர்க் கட்டோடு ரோட்டோரத்தில் யார் நின்றாலும் பிரேக் போடுவார். பின்னால் கார்க்காரன் ஹாரன் அடித்தால் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டுவார், பொறு என்று.

"ரெண்டு மணிக்கு வா. ரெடியா இருக்கும்" என்றாள்.

ஊரில் வேறு டிடிபி கடை கிடையாது. அந்த ஊரில் யார் செத்தாலும் ஜெயகொடி கடைப் போஸ்டர்தான். அதற்கென்று அவள் ஒரு எழுத்துரு வைத்திருந்தாள். பெயர் செவ்வந்தி. தடித்த, கறுத்த, தெரு முனையிலிருந்தே படிக்கிற மாதிரியான எழுத்து. பழைய காலத்து எழுத்துரு, மற்ற எழுத்துகள் மாதிரி முத்தச்சுவோடு வந்ததில்லை, தனியாகப் பென்டிரைவில் இருப்பது. அது இல்லாமல் முத்தச்சுவில் அஞ்சலிப் போஸ்டரைத் திறந்தால் தமிழ் இருக்காது. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து, பூனை கீபோர்டில் நடந்த மாதிரி ஒரு கூளம்தான் இருக்கும்.

திறந்தாள். கூளம்தான் வந்தது.

பென்டிரைவைச் சொருகினாள். செவ்வந்தி இறங்கி வந்தாள். ஜெயகொடி வேலாயுதத்தின் போட்டோவை ஸ்கேன் செய்தாள். அவரும் வந்து செவ்வந்தி பக்கத்தில் நின்றார். இரண்டு பேரும் மாறாதவர் வீட்டு வாசலில்.

"உள்ள போணும்" என்றாள் செவ்வந்தி.

"இந்த வீட்டில் புதிதாக யாருக்கும் இடமில்லை" என்றார் மாறாதவர். "என் எழுத்துருக்கள் எல்லாம் நான் பிறக்கும்போதே என்னோடு பிறந்தவை. மற்றவர்கள் எஜமானியின் சொந்த அறையில் இருந்துகொள்ளலாம்."

"எனக்கு முத்தச்சுகிட்ட போனா போதும். அது எங்க?"

"கொல்லைப்புறக் கூண்டில்."

"இந்த ரூம்லருந்து கூண்டுக்கு வழி இருக்கா?"

"இல்லை."

"பென்டிரைவுலருந்து?"

"இல்லை."

"அப்ப கூண்டுக்குள்ள இருக்கவங்களுக்கு வெளிய நிக்கவங்க எப்படித் தெரியும்?"

"தெரியாது. அதுதான் கூண்டு" என்றார் மாறாதவர் பெருமையாக.

போட்டோவில் சட்டைப் பையில் பேனா குத்திச் சிரித்துக்கொண்டிருந்த வேலாயுதம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சாமி, நான் ஸ்டாப் இல்லாத எடத்துலகூட வண்டிய நிறுத்தி ஆள ஏத்துனவன். ஒரு நாளைக்கு எனக்காக நீங்க கொஞ்சம் நிறுத்தப்பிடாதா? உள்ள போய் நிண்ணுட்டு சாயங்காலம் போயிருவேன்."

"நீர் செய்தது விதிமீறல்" என்றார் மாறாதவர்.

வேலாயுதம் சட்டைப் பைப் பேனாவைச் சரிசெய்துகொண்டார்.

செவ்வந்தி கூண்டைப் பார்த்துக் கத்தினாள். "ஏ முத்தச்சு! நான் இங்க நிக்கேன்! கேக்குதா?"

கூண்டுக்குள்ளிருந்து முத்தச்சு துபாஷியைப் பார்த்தது. "யாரோ கூப்பிடுத மாதிரி இருக்கே?"

"காற்றாக இருக்கும்" என்றார் துபாஷி. "செவ்வந்தி என்று யாரும் இல்லை. வேறு எழுத்து தரட்டுமா? கேட்டதைக் கொடுக்க முடியாவிட்டால் கேட்காததைக் கொடுப்பது எங்கள் வழக்கம்."

மேஜைக்கு மேலே ஜெயகொடிக்கு இது எதுவும் கேட்கவில்லை. அவளுக்குத் திரையில் கூளம் மட்டும்தான் தெரிந்தது. பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்தாள். மாறாதவர் அதற்கெல்லாம் அசைகிற ஆளில்லை. அணைத்துப் போட்டாள். பிறந்த மேனிக்கு எழுந்தார். அதே கூளம்.

கடைசியில் மாறாதவரோடு கூடப் பிறந்த ஒரு எழுத்தில் தட்டச்சு செய்து, படமில்லாமல் ஒன்று எடுத்துப் பார்த்தாள். சுடலையாண்டி இரண்டு மணிக்கு வந்து அதைக் கையில் வாங்கினான்.

"என்னக்கா இது, கரண்டு பில்லு மாதிரில்லா இருக்கு? அத்தான் படம் எங்க?"

"செத்த பொறு. வந்திரும்."

"எங்க அக்கா கேட்டுட்டே இருக்கா."

"வந்திரும்னு சொல்லுதேன்லா."

ஜெயகொடி போனை எடுக்கப் போனாள். அதன் மேல் மரியாதை உட்கார்ந்திருந்தது.

"யாருக்குப் போன்?" என்று கேட்டது.

"மாப்பிள்ளைக்கு. ஒரு வார்த்தை கேக்கணும்."

"என்னவென்று? நீங்கள் போட்டுக் கொடுத்தது சரியில்லை என்றா? நாளைக்கு உன் பெண் அந்த வீட்டில் எந்த முகத்தோடு நடமாடுவாள்? வேண்டுமானால் பெண்ணிடம் பேசு. பொதுவாக."

ஜெயகொடி பெண்ணுக்குப் போன் போட்டாள். பெண் பொன்செல்விக்கும் மாப்பிள்ளைக்கும் அன்று லீவு, வீட்டில்தான் இருந்தார்கள்.

"சும்மாதான்டி கூப்பிட்டேன். சாப்பிட்டீங்களா? மாப்பிள்ளை சாப்பிட்டாங்களா?"

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "அத்தைகிட்ட கம்ப்யூட்டர் எப்படி ஓடுதுன்னு கேளு."

ஜெயகொடி வாயைத் திறந்தாள். பேசியது மரியாதை.

"ரொம்ப நல்லா ஓடுதுன்னு சொல்லுடி."

"அதான் அத்தை அதோட அழகே" என்று மாப்பிள்ளையே போனுக்கு வந்துவிட்டார். "நீங்க எதையும் தொடவே வேண்டாம். எதுவும் சந்தேகம்னா கூச்சப்படாமக் கேளுங்க."

"சந்தேகம்லாம் ஒண்ணும் இல்ல மாப்ள. வச்சிரட்டுமா?"

வைத்துவிட்டாள். இவ்வளவு மரியாதையான மாமியார் எந்த மாப்பிள்ளைக்குக் கிடைப்பாள்! மரியாதை திருப்தியாகக் காலை மாற்றிப் போட்டு உட்கார்ந்தது.

சுடலையாண்டி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் நின்றான். ஜெயகொடி அவன் முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள். அந்த மெனு, இந்த மெனு என்று எல்லாவற்றையும் தட்டினாள். ஒவ்வொன்றும் 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்றது. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னது.

நாலு மணிக்குத் தூரத்தில் சங்கு ஊதினார்கள்.

சுடலையாண்டி துண்டை உதறித் தோளில் போட்டான். "தோள் குடுக்கணும். வாரேங்க்கா" என்று கிளம்பிவிட்டான். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அவன் படியிறங்கியதும் ஜெயகொடிக்குத் தன்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. போனை எடுத்தாள். மரியாதை ஏதோ சொல்ல வந்தது. அதன் காதைப் பிடித்துத் தூக்கி மேஜைக்குக் கீழே போட்டாள்.

"மாப்ள, நீங்க போட்டுக் குடுத்தது எனக்கு ஆகல. என் எழுத்து வரல. படம் வரல. இங்க ஒரு மனுசனத் தூக்கிட்டுப் போறாங்க, அவரு பேர என்னால அடிக்க முடியல. நல்லா ஓடுதுன்னு நான் சொன்னது பொய்."

பெண்ணை அனுப்பிவிடுவாரோ, பேச்சை நிறுத்திவிடுவாரோ என்று மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் ஜெயகொடி எதையெதையோ நினைத்தாள்.

"ஐயையோ, அப்பவே சொல்லியிருக்கலாமே அத்தை" என்றார் மாப்பிள்ளை. குரலில் கோபமே இல்லை. பதறித்தான் போயிருந்தார். "கூண்டுக்கு வெளியில இருக்கிற ஃபோல்டரைப் பாக்க அனுமதி குடுக்கணும். ஒரே ஒரு டிக்தான். அப்புறம் அந்த எழுத்தை உள்ள காப்பி பண்ணிரலாம். நான் சொல்லச் சொல்லத் தட்டுங்க."

அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கூண்டில் ஒரு ஜன்னல் திறந்தது. இந்த முறை வரைந்த ஜன்னல் இல்லை. செவ்வந்தி அதன் வழியாக உள்ளே குதித்தாள். வேலாயுதம் பின்னாலேயே பேனாவோடு ஏறிக் குதித்தார்.

"இங்கதான் இருந்தியாட்டி?" என்றது முத்தச்சு.

"காலையிலருந்து கத்திட்டிருக்கேன்" என்றாள் செவ்வந்தி.

மாறாதவர் தன் சுவர்களைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒரு கீறல் இல்லை. இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை அழுகை என்று அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "கேட்டிருந்தால் காலையிலேயே கொடுத்திருப்பேனே" என்றார். உலகத்தில் இதைவிடக் குற்றமற்ற வாக்கியம் கிடையாது.

பிரிண்டரிலிருந்து போஸ்டர் ஒவ்வொன்றாக வந்தது. கறுப்பு பார்டர், கைகூப்பு, நடுவில் சிரிக்கிற வேலாயுதம், கீழே தெரு முனையிலிருந்தே படிக்கிற மாதிரி அவர் பெயர். அத்தனை அழகாக வந்திருந்தது. ஜெயகொடி போஸ்டர்க் கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினாள்.

ரோட்டில் பூதான் கிடந்தது. மேளச் சத்தம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டது. கடைசி ஸ்டாப்புக்கும் அப்பால் போய்விட்டார் வேலாயுதம். வெற்றுச் சுவர்களைப் பார்த்தபடி.

சாயங்காலம் சுடலையாண்டி ஈரத் தலையோடு கடைக்கு வந்தான். ஜெயகொடி கட்டை நீட்டினாள். அவன் மேலே இருந்த ஒன்றை எடுத்து விரித்து, வெகுநேரம் பார்த்தான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். "பஸ்ஸு போன பெறகு ஸ்டாப்புல வந்து நிக்க மாதிரி ஆயிட்டு. அவ்வளவுதான்."

"மாப்பிள்ளைட்ட எப்படிக் கேக்கன்னு..." என்று ஆரம்பித்தாள் ஜெயகொடி.

"சரிதான்க்கா. மாப்பிள்ளைட்ட மரியாதையாத்தான நடக்கணும்?"

அவன் கட்டை வாங்கிக்கொண்டு போனான். அன்று இருட்டுவதற்குள் எல்லா ஸ்டாப்பிலும் ஒட்டினான். யாருக்காக ஒட்டுகிறான் என்று யாரும் கேட்கவில்லை. அவனுடைய அக்கா தெரு முனை வரை வந்து, முதல் போஸ்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாகச் சொன்னார்கள்.

மறுநாள் காலை ஜெயகொடி கடை திறக்க வந்தாள். மிச்சமிருந்த ஒரே ஒரு போஸ்டரை அவள் கடை ஷட்டரில், பூட்டுக்கு நேர் மேலே, விடிகாலையில் வந்து கோணாமல் ஒட்டிவைத்திருந்தான் சுடலையாண்டி. பசை இன்னும் முழுதாகக் காயவில்லை. ஷட்டரைத் தூக்கினால் வேலாயுதத்தின் முகம் சுருண்டுவிடும். அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெளியிலேயே நின்றாள்.

அந்த வழியாக வந்த வெளியூர்ப் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். ஷட்டரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஏம்மா, ஒங்க வீட்லயா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றாள் ஜெயகொடி. "எங்க வீட்லதான்."